பழுப்பு மாத்திரை மட்டும் ஏன் மிச்சம்?

அன்வரி பேகம் மேசை மேல் வைத்த மூன்று மாத்திரை அட்டைகளையும் பார்த்த உடனே, வழக்கு முடிந்துவிட்டது என்று மஹபூப் பாஷா முடிவு கட்டிவிட்டான். குழந்தை உண்டாகாமல் இருக்கப் பெண்கள் சாப்பிடும் மாத்திரை. அட்டையின் பின்னால் சிவப்பு முக்கோணம், அதன் கீழே "அரசு வழங்கல், விற்பனைக்கு அல்ல" என்ற எழுத்து. நாலு வருடமாக ஒரு குழந்தைக்கு ஏங்கும் பெண்ணுடைய புருஷன் சட்டைப் பையில் இது கிடந்தால் என்ன அர்த்தம் என்று சொல்ல, வேலூர் லாங் பஜாரில் மாடி அறை பிடித்து "துப்பறியும் நிலையம்" என்று போர்டு மாட்ட வேண்டியதே இல்லை.

நினைத்ததோடு விட்டிருக்கலாம். வாயையும் திறந்தான்.

"இது ரொம்ப ஈஸி சிஸ்டர். ஆம்பூர்ல எங்கயோ ஒரு சின்ன வீடு..."

"பாஷா, ஃபேனை இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி வை" என்றார் தேவகிருபை.

அந்த ஆபீசில் ஃபேனை ஜாஸ்தி வை என்றால் வாயை மூடு என்று அர்த்தம். பாஷாவுக்கு முப்பத்திரண்டு வயது. தலையின் நடுவே இருக்க வேண்டிய முடி இல்லாததால், இடது காதுக்கு மேல் வளர்த்த முடியை வலது காது வரை இழுத்துப் படிய வாரியிருப்பான். ஃபேன் வேகமாகச் சுற்றினால் அந்த முடி கூரை போல எழுந்து நிற்கும். அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு யாராலும் அதிகம் பேச முடியாது.

தேவகிருபை இருபது வருடத்துக்கு மேல் ஒரு ஆஸ்பத்திரியில் வார்டு சிஸ்டராக இருந்தவர். பெரிய டாக்டர் ஒருவர் செய்த தவறை அவர் முகத்துக்கு நேரே சொன்னதால் வேலை போயிற்று. துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் வெள்ளைச் சேலையை விடவில்லை, ஊரும் அவரை சிஸ்டர் என்று கூப்பிடுவதை விடவில்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றார் அன்வரியிடம்.

அன்வரி முகத்திரையைத் தூக்கிவிட்டிருந்தாள். அழுது அழுது கண்ணிமை இரண்டும் தடித்திருந்தன. பேரணாம்பட்டில் பிறந்து ஆம்பூரில் வாக்கப்பட்டவள். புருஷன் ஜியாவுதீன் ஒரு டேனரியில் செலக்டர். பதனிட்ட தோலைத் தடவிப் பார்த்தே முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிக்கிற வேலை.

"நாளன்னிக்கு ஜும்மா முடிஞ்சதும் என் மாமியார் பெரியவங்களைக் கூப்பிட்டிருக்காங்க சிஸ்டர். என்னைப் பொறந்த வீட்டுக்கு அனுப்பிட்டு அவருக்கு வேற பொண்ணு பார்க்கப் போறாங்க. மலடியாம் நான். பெரியாஸ்பத்திரியில எல்லா டெஸ்டும் எடுத்தாங்க, எனக்கு ஒரு குறையும் இல்லைன்னாங்க. அவரையும் ஒரு தடவை கூட்டிட்டு வான்னாங்க. அவர் வர மாட்டேன்னுட்டார். நேத்து துவைக்க எடுத்தப்ப அவர் பையில இது கிடந்தது." அட்டைகளைத் தொடாமல் சுட்டிக் காட்டினாள். "இன்னொருத்தி இருக்கான்னா சொல்லிடுங்க, நானே பெட்டியைக் கட்டிக்கிறேன். ஆனா மலடின்னு பேர் வாங்கிட்டுப் போக மாட்டேன். உயிரே போனாலும் மாட்டேன்."

"வீட்ல உங்ககிட்ட எப்படி நடந்துக்கறார்?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு, தனியாப் படுக்கறார். இந்த வெயில்லயும் ஸ்வெட்டரைக் கழட்ட மாட்டேங்கறார். குளிக்கப் போனா தாழ்ப்பாளுக்கு மேல தாழ்ப்பாள். என் கொழுந்தன் பொண்ணு, ரெண்டு வயசு, அவர்னா அதுக்கு உசிரு. போன மாசம் ஓடி வந்து அவர் மார் மேல விழுந்துச்சு. அலறிக்கிட்டே புடிச்சுத் தள்ளிட்டார். பச்சைக் குழந்தையை!"

"அலறினாரா, கத்தினாரா?"

பாஷா ஒரு கையைத் தலையிலிருந்து எடுத்தான். "ரெண்டுத்துக்கும் இன்னா வித்தியாசம் சிஸ்டர்?"

"கோபம் வந்தா கத்துவாங்க. வலிச்சா அலறுவாங்க."

அன்வரி யோசித்தாள். "அலறினார்" என்றாள் மெதுவாக.

அடையாளத்துக்காக அவள் கொண்டுவந்திருந்த கல்யாணப் போட்டோவை பாஷா வாங்கிப் பார்த்தான். பூச்சரம் விலக்கிய மாப்பிள்ளை. நெற்றி எங்கே முடிகிறது, தலை எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்வது கஷ்டம். பாஷாவுக்கு அந்த முகத்தின் மேல் ஒரு பங்காளிப் பாசமே வந்துவிட்டது.

தேவகிருபை அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து முகர்ந்தார். பிறகு மூன்றையும் வரிசையாக வைத்தார்.

"பாஷா, இதுல இன்னா தெரியுது?"

"மாத்திரையைத் தின்னுட்டாங்க. கொஞ்சம் மிச்சம் இருக்கு."

"எது மிச்சம்?"

அப்போதுதான் பாஷா சரியாகப் பார்த்தான். மூன்று அட்டையிலும் வெள்ளை மாத்திரை ஒன்றுகூட இல்லை. கடைசி வரிசையில் இருக்கும் ஏழு பழுப்பு மாத்திரைகள் மட்டும் மூன்று அட்டையிலும் அப்படியே இருந்தன.

"வெள்ளை மாத்திரையிலதான் கர்ப்பம் தடுக்கற ஹார்மோன் இருக்கு. பழுப்பு வெறும் இரும்புச் சத்து. வெள்ளை முடிஞ்சதும் பழுப்பைத் தின்னுன்னு சொல்லித்தான் குடுப்போம், நாள் கணக்கு மறக்காம இருக்க. ஒரு பொம்பளை மறந்தா இங்க ஒண்ணு அங்க ஒண்ணுன்னு மறப்பா. மூணு அட்டையிலயும் ஒரே மாதிரி மறக்க மாட்டா. இதை எடுத்தவங்க எதுல மருந்து இருக்குன்னு தெரிஞ்சு, அதை மட்டும் எடுத்திருக்காங்க." மறுபடி ஒரு அட்டையை மூக்கருகே கொண்டுபோனார். "அதோட இதுல தேங்காயெண்ணெய் வாசனை."

"அந்தப் பொண்ணு தலை வாரிக்கிட்டே மாத்திரை தின்னுருப்பா."

"ஃபேன்" என்றார் தேவகிருபை. பிறகு அன்வரியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு மத்தியானம் டேனரி கேட்டுக்கு எதிர்ல டீக்கடை இருக்குமே, அங்க ஒரு ரிக்‌ஷாவுல உட்கார்ந்திருங்க. நாங்க வருவோம். அதுக்குள்ள பெட்டியைக் கட்டாதீங்க."

மறுநாள் காலை பள்ளிகொண்டா தாண்டும்வரை பாஷா பஸ்ஸில் வாயே திறக்கவில்லை. ஜன்னலோரக் காற்றில் முடியைக் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருந்தது. ஆனால் மனசுக்குள் கணக்கு ஓடியது. அரசாங்க மாத்திரை. அப்படியானால் அந்தப் பெண் சுகாதார நிலையத்தில் வேலை செய்கிறவளாகத்தான் இருக்க வேண்டும். எதில் மருந்து என்று தெரிந்தவள். தேங்காயெண்ணெய் தடவிக் கொண்டை போடுகிறவள். முகம் மட்டும்தான் பாக்கி.

ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கெல்லாம் மாத்திரை கொடுக்கும் சுகாதார நர்ஸ் ரோஸ், தேவகிருபையிடம் பயிற்சி எடுத்தவள். சுகாதார நிலையத்தில் சிஸ்டரைக் கண்டதும் துள்ளி எழுந்து நின்றாள். பாஷா முதலில் அவள் கொண்டையைத்தான் பார்த்தான். எண்ணெய் வழிந்தது. சரிதான் என்று நினைத்துக்கொண்டான். ஆனால் அவளுக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது, அடுத்த மாதம் பேத்திக்கு ஞானஸ்நானம் என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். பாஷா தன் கணக்கைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு ஒரு ஓரமாக உட்கார்ந்தான்.

அட்டையைப் பார்த்ததும் ரோஸின் முகம் வெளுத்தது.

"உங்ககிட்ட மறைக்க இன்னா இருக்கு சிஸ்டர். இந்த மாத்திரையை ஊர்ல யாரும் சீந்த மாட்டேங்கறாங்க. தலை சுத்துதாம், குமட்டுதாம். மேல இருந்து டார்கெட் டார்கெட்னு பிராணனை வாங்கறாங்க. அப்பத்தான் அந்த டேனரி செலக்டர் வந்தார். எங்க ஷெட்ல நிறைய பொம்பளைங்க வேலை செய்யறாங்க, என்கிட்ட குடுங்க, நான் பார்த்துக் குடுக்கறேன்னார். ஆண்டவரே அனுப்பின மாதிரி இருந்துச்சு. ரெண்டு வருஷமா வாங்கிட்டுப் போறார். டார்கெட் முடிச்சதுக்கு எனக்கு ஒரு குத்துவிளக்குகூட குடுத்தாங்க."

"அவர் உன்கிட்ட மாத்திரையைப் பத்தி ஏதாவது கேட்டாரா?"

"முதல் தடவையே கேட்டார். எதுல மருந்து, எதுல சத்துன்னு. அப்புறம் அந்த ஹார்மோன் எங்க இருந்து வருது, பொம்பளை உடம்புல அது என்னென்ன பண்ணும்னு எல்லாம். எவ்வளவு பொறுப்பான மனுஷன்னு நினைச்சேன்."

"போன தடவை எப்ப வந்தார்?"

"போன மாசம். ஆளே சரியில்லை சிஸ்டர். ஒரு ஆம்பளை இதைத் தப்பாத் தின்னுட்டா என்ன ஆகும்னு கேட்டார். எங்க ஷெட்ல ஒருத்தன் தலைவலி மாத்திரைன்னு நினைச்சு முழுங்கிட்டான்னார். ஒண்ணு ரெண்டுன்னா ஒண்ணும் ஆகாதுன்னேன். நிறையத் தின்னா என்னன்னு கேட்டார். எனக்குத் தெரியாது, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்னேன். அதுக்கப்புறம் வரவே இல்லை."

வெளியே வந்ததும் பாஷா சிஸ்டரின் முகத்தைப் பார்த்தான். அவர் வேகமாக நடந்தார். ஒரு நோயாளியின் மூச்சு மாறுவதைக் கவனித்துவிட்ட நர்ஸின் நடை அது.

"இன்னா சிஸ்டர், அவளைக் கொல்லப் பார்க்கறானா?"

"யாரை?"

"அந்த இன்னொருத்தியை."

"நட, பாஷா."

டேனரிக்கு எதிரே டீக்கடைப் பக்கத்தில், படுதா இறக்கிய ரிக்‌ஷாவில் அன்வரி வந்து காத்திருந்தாள். சாப்பாட்டு நேரம். ஷெட்டில் தோலுக்கு மெருகு போடும் பெண்கள் மரத்தடியில் சோற்றுத் தூக்கைத் திறந்து வைத்திருந்தார்கள். சுண்ணாம்பும் ஊறிய தோலும் கலந்த அந்த நாற்றத்தில் அவர்கள் கருவாட்டுக் குழம்பை ருசித்துச் சாப்பிட்டதைப் பார்த்து பாஷா மூக்கைப் பொத்திக்கொண்டான். கன்னியம்மா என்ற நடுத்தர வயதுக்காரிதான் அவர்களில் வாயாடி. தேவகிருபை அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

"உங்களுக்கெல்லாம் செலக்டர் மாத்திரை குடுக்கறாராமே?"

"மாத்திரையா?" கன்னியம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அவரு எங்க மூஞ்சியையே பார்க்க மாட்டாரும்மா. தோலைத்தான் பார்ப்பாரு. மத்தவங்க மாதிரி இல்ல, தங்கமான மனுஷன்."

"எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறீங்களே, அவர் எங்கே?"

"பின்னாடி பழைய சாம்பிள் ரூம் ஒண்ணு இருக்குது. இந்நேரத்துக்குத் தெனமும் அங்க போய்த் தாழ் போட்டுக்குவாரு. எண்ணெய் வாசனை வரும்." கன்னியம்மா குரலைத் தாழ்த்தினாள். "அழற சத்தமும் வரும்."

பாஷா நிமிர்ந்தான். "பொம்பளை அழுகையா?"

"அது எப்படிய்யா சொல்றது? அடக்கிக்கிட்டு அழுதா ஆணு பொண்ணு எல்லாம் ஒண்ணாத்தான் கேக்குது."

அவ்வளவு போதும் பாஷாவுக்கு. ஆள் அகப்பட்டாயிற்று. உள்ளேயே வைத்திருக்கிறான், பட்டப்பகலில், பூட்டிய அறையில். வாட்ச்மேனிடம் தேவகிருபை தன் வெள்ளைச் சேலையையும் கைப்பையையும் காட்டி, "கவர்மெண்ட் மாத்திரை செக்கிங்" என்று சொல்லி முடிப்பதற்குள் அவன் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தான். அன்வரியும் ரிக்‌ஷாவை விட்டு இறங்கிப் பின்னால் வந்தாள். வர வேண்டாம் என்று பாஷா கையைக் காட்டினான். சிஸ்டர் அவன் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார். "அவங்க வாழ்க்கை, பாஷா. வரட்டும்." ஆனாலும் சாம்பிள் ரூம் கதவுக்கு இப்பால் தோல் கட்டுகளின் மறைவில் அன்வரியை நிற்க வைத்தார்.

அந்தக் கதவின் கொக்கி துருப்பிடித்திருந்தது. பாஷா தோளால் ஒரு இடி இடித்தான். கொக்கி பெயர்ந்து, கதவு திறந்த வேகத்தில் அவனும் உள்ளே விழுந்தான்.

உள்ளே பெண் யாரும் இல்லை.

வடக்கு ஜன்னல் வழியே வந்த வெளிச்சத்தில் ஒரு ஆள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். எதிரே சின்னக் கண்ணாடி. பக்கத்தில் ஒரு கல்வம், அதில் அரைத்த வெள்ளைப் பொடி. ஒரு பாட்டில் தேங்காயெண்ணெய். சுவரில் முடி நீக்காத இரண்டு ஆட்டுத்தோல்கள் ஆணியடித்து விரிக்கப்பட்டிருந்தன. ஸ்வெட்டரும் சட்டையும் தரையில் கிடந்தன. அந்த ஆள் நெஞ்சைச் சுற்றித் துணியை இறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தான். கட்டின் விளிம்பில் சதை பிதுங்கியது. பாஷா அதைப் பார்த்தான், பிறகு பார்க்காதவன் போல முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் வாழ்க்கையில் கிண்டல் வாய்க்கு வராத நேரம் அது ஒன்றுதான்.

ஜியாவுதீன் சட்டையை எடுத்து மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டான். ஓடவில்லை. ஓட எங்கேயும் இடமில்லாதவன் போலத் தலையைக் குனிந்தான். தலையில் முன்பக்கம் முடி குறைவுதான். ஆனால் கல்யாணப் போட்டோவில் இருந்த அளவு அப்படியே இருந்தது. ஒரு முடிகூடக் குறைந்ததாகத் தெரியவில்லை.

"ஜியாவுதீன் பாய், நான் நர்ஸ்" என்றார் தேவகிருபை. கதவைச் சாத்தாமல் விட்டார். "ரொம்ப வலிக்குதா?"

அந்த ஒரு கேள்வியில் அவன் உடைந்துபோனான். கேவிக் கேவி அழுதான். "யாரும் கேக்கல சிஸ்டர். யார்கிட்டயும் காட்ட முடியல. நேத்து சுண்ணாம்புக் குழி ஓரத்துல போய் நின்னேன். குதிக்கவும் தைரியம் வரல."

பாஷா எழுந்து போய் அவன் தோளில் கை வைத்துக்கொண்டு நின்றான்.

"வெள்ளை மாத்திரையை அரைச்சு எண்ணெயில போட்டுத் தலையில தடவினே" என்றார் சிஸ்டர். "அப்புறம்?"

"அதுல போதலைன்னு வாயிலயும் போட ஆரம்பிச்சேன்."

"யார் சொல்லிக் குடுத்தது? எந்த வைத்தியன்? ஆம்பூரா, வாணியம்பாடியா?" பாஷாவுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "அட்ரஸைச் சொல்லு பாய், இப்பவே போய் அவன் கழுத்தைப் புடிக்கறேன்."

"வைத்தியன் யாரும் இல்ல. நானேதான்." ஜியாவுதீன் சுவரில் இருந்த இரண்டு தோல்களையும் காட்டினான். "பத்து வருஷமா தோலைத் தடவற கை சிஸ்டர் இது. அந்தத் தோல் கிடாவோடது. சொரசொரன்னு, முடி திட்டுத் திட்டா. இது விதை அடிச்ச கிடாவோடது. தொட்டுப் பாருங்க, பட்டு மாதிரி, முடி ஒரே சீரா. ரெண்டும் ஒரே ஜாதி ஆடு. வித்தியாசம் அது ஒண்ணுதான். பொம்பளைங்க யாருக்காவது முன் வழுக்கை விழுதா? இல்லையே. அப்போ ஆம்பளைத்தனம்தான் முடியைக் கொட்ட வைக்குதுன்னு புரிஞ்சுபோச்சு. அதைக் கொஞ்சம் கம்மி பண்ணினா போதும்னு நினைச்சேன். கொஞ்சம்தான்." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கொட்டறது நின்னுச்சு சிஸ்டர். நெஜமாவே நின்னுச்சு. அதான் விட முடியல."

பாஷாவின் கண் அவனை அறியாமல் எண்ணெய் பாட்டில் பக்கம் போனது.

"பாஷா, அந்த பாட்டிலை என்கிட்ட குடு" என்றார் தேவகிருபை.

கொடுத்தான். கொஞ்சம் தாமதமாகத்தான் கொடுத்தான். அதை நினைத்து அவனுக்கே அவன் மேல் வெறுப்பாக இருந்தது.

"உன் கணக்கு பாதி சரி" என்றார் தேவகிருபை ஜியாவுதீனிடம். "ஆம்பளை ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் சம்பந்தம் உண்டுன்னு டாக்டர்களே சொல்வாங்க. ஆனா அந்த ஹார்மோன் தலையில மட்டுமா வேலை செய்யுது? மார் வீங்கினதும் அதனாலதான், பொண்டாட்டி பக்கத்துல போகப் பிடிக்காம போனதும் அதனாலதான். நாலு வருஷத்துல முதல் ரெண்டு வருஷம் எத்தனையோ பேருக்குக் குழந்தை தள்ளிப் போகும், அது சகஜம். அடுத்த ரெண்டு வருஷம் தள்ளிப்போனது உன் கையால. இன்னிக்கே எல்லாத்தையும் நிறுத்தணும், இன்னிக்கே டாக்டரைப் பார்க்கணும். நிறைய பேருக்கு உடம்பு திரும்பியிருக்கு. உனக்குத் திரும்புமான்னு அவர்தான் சொல்லணும்."

"குழந்தை விஷயம் எனக்குத் தெரியாது சிஸ்டர். சத்தியமா. அது பொம்பளைங்களுக்குத்தான் குழந்தையைத் தடுக்கும்னு நினைச்சேன். ஆம்பளை தின்னா தலைக்கு மட்டும்தான்னு..."

பாஷாவின் கண் கலங்கிவிட்டது. பாவம், தெரியாமல் செய்துவிட்டான். இந்த வழக்கில் குற்றவாளி என்று யாருமே இல்லை. தோல் பார்த்துப் பழகிய ஒருவன் தன்னையும் ஒரு தோலாகப் பார்த்துவிட்டான், அவ்வளவுதான். இதை அன்வரியிடம் எப்படிப் பக்குவமாகச் சொல்வது என்று அவன் யோசிக்கத் தொடங்கியபோது, தேவகிருபை சுவரருகே போய் இரண்டாவது தோலின் மேல் கையை வைத்தார்.

"விதை அடிச்ச கிடா. ஏன் அடிப்பாங்க, பாய்?"

ஜியாவுதீன் சுவரைப் பார்க்காமல் தரையைப் பார்த்தான்.

"சந்தைக்குப் போற சின்னப் பையனைக் கேட்டாலும் சொல்வான். அந்தக் கிடாவால ஒரு பெட்டையும் சினையாகாது. முடியைப் பத்தி இந்தத் தோல் சொன்னதைக் கேட்டவனுக்கு, இது சொன்ன மீதி மட்டும் காதுல விழலையா?"

பாஷா மெதுவாகத் தன் கையை ஜியாவுதீனின் தோளிலிருந்து எடுத்துக்கொண்டான்.

"எப்ப இருந்து தெரியும்?" என்றார் சிஸ்டர்.

"ஆரம்பத்துல... ஒரு சந்தேகம் இருந்தது." ஜியாவுதீனின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "கொஞ்ச நாள்ல முடி நல்லா வந்துடும், அப்புறம் நிறுத்திடலாம், நிறுத்தினா குழந்தையும் வந்துடும்னு நினைச்சேன். அதுக்குள்ள மார் வீங்கிடுச்சு. அதுக்கப்புறம் வெளிய சொல்லவே முடியல."

"உன் பொண்டாட்டியை உங்க அம்மா மலடின்னு சொன்னப்ப நீ அங்கதானே இருந்தே?"

"இருந்தேன்."

"வேற பொண்ணு பார்க்கறாங்களே, நாளைக்கு அந்தப் பொண்ணையும் மலடின்னு சொல்வாங்களே?"

அவன் சட்டென்று ஸ்டூலிலிருந்து இறங்கி, சட்டை நழுவி விழ, சிஸ்டரின் காலருகே உட்கார்ந்துவிட்டான். "உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன். அவதான் உங்களை அனுப்பியிருக்கான்னு தெரியுது. அவகிட்ட எனக்கு இன்னொருத்தி இருக்கான்னே சொல்லிடுங்க. எந்தப் பேரை வேணும்னாலும் சொல்லுங்க. பெரியவங்க முன்னாடி நானும் ஆமான்னு சொல்லிடறேன். அவளுக்கும் மலடின்னு பேர் வராது. இதை மட்டும் சொல்லாதீங்க. ஆம்பளைன்னு ஊருக்குள்ள நடமாடணுமே நான்!"

யோசித்துப் பார்த்தால் அதிலும் ஒரு நியாயம் இருப்பது போலத்தான் பாஷாவுக்குப் பட்டது. அந்தப் பெண் கேட்டது மலடிப் பேர் வேண்டாம் என்பது மட்டும்தானே. சிஸ்டரைப் பார்த்தான். அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசலில் அன்வரி நின்றாள்.

முகத்திரை தூக்கியே இருந்தது. அழவில்லை. தரையில் கிடந்த ஸ்வெட்டரையும், கல்வத்தையும், புருஷன் நெஞ்சில் கட்டியிருந்த துணியையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அவன் அதை மறைக்கப் பார்த்தான், கை போதவில்லை. அவள் உருதுவில் ஏதோ சொல்ல ஆரம்பித்து, சிஸ்டருக்கும் புரியட்டும் என்று தமிழுக்கு மாறினாள்.

"எங்க அப்பாவுக்கு வழுக்கை. ரெண்டு மாமாவுக்கும் வழுக்கை. உங்க போட்டோவைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் உங்க தலையைப் பத்தி நான் பேசியிருக்கேனா?"

"இல்ல" என்றான் அவன்.

"இன்னொருத்தி இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும் சிஸ்டர். போய் அவ மயிரைப் புடிச்சு உலுக்கிட்டாவது வந்திருப்பேன். இப்ப யாரைப் போய்ப் புடிக்கிறது?" அவள் குரல் அப்போதுதான் உடைந்தது. "எத்தனை கஷாயம் குடிச்சேன். எத்தனை தர்காவுல போய்ப் படுத்தேன். நீங்கதானே சைக்கிள்ல கொண்டுபோய் விட்டீங்க. வழியெல்லாம் வாயில இன்னா வச்சிருந்தீங்க?"

ஜியாவுதீன் முகத்தை மூடிக்கொண்டான். பாஷாவுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. வெளியே போகலாம் என்று சிஸ்டரைப் பார்த்தான். அவர் அசையவில்லை.

அன்வரி உள்ளே வந்து அவனுடைய சட்டையை எடுத்து உதறி அவன் மடியில் போட்டாள்.

"போட்டுக்குங்க. டாக்டரைப் பார்க்க நானும் கூட வர்றேன். அதுக்கு முன்னாடி வீட்டுக்குப் போய் உங்க அம்மாகிட்ட நீங்களே சொல்லணும். நாளைக்குப் பெரியவங்க வர்றதுக்குள்ள, இன்னிக்கே."

"அம்மாகிட்டயா?" அவன் சட்டையை மடியிலேயே விட்டு நிமிர்ந்தான். "எப்படிச் சொல்றது அன்வரி? அவங்க முன்னாடி நின்னு இதைச் சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?"

"எனக்கு வந்துச்சே" என்றாள் அன்வரி. "மாசா மாசம் உங்க அம்மா முன்னாடி போய் நின்னு, இந்த மாசமும் இல்லைன்னு நான்தானே சொன்னேன். நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

சொல்லிவிட்டு அவள் கதவருகே போய் நின்றாள். அவன் சட்டைப் பொத்தானைப் போட்டு முடிக்கும்வரை அங்கேயே காத்திருந்தாள்.